பால்வாடி டீச்சருக்கு எந்தப் பயிற்சி: மண்டபமா, செல்போனா, கூடவே ஒரு ஆளா?

பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பால்வாடி. அந்த டீச்சர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பயிற்சியில் அவரே செய்த காகிதப்பை பொம்மை, கண்ணும் மீசையும் ஒட்டி அவ்வளவு அழகாக, பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. "பிள்ளைங்க கையில குடுக்கலையா?" என்று கேட்டேன். "குடுத்தா ஒரே நாள்ல கிழிச்சிருவாங்கக்கா. அப்புறம் மேடம் வந்து கேட்டா நான் எதைக் காட்டறது?" என்றார்.

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. பொம்மை எப்படிச் செய்வது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேர் நடுவில் அதை எப்படிப் புழங்க விடுவது, கிழிந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசவில்லை. நான் கொஞ்ச காலமாகவே தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் சிறுபிள்ளைக் கல்வி வேலையில் இருக்கிறேன். இந்தப் பிரிக்காத கவரைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

பால்வாடி நடத்தும் சிறு அறக்கட்டளைகள், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்பவர்கள், நர்சரிப் பள்ளித் தாளாளர்கள் என்று பலரும் ஆண்டுதோறும் கேட்பது ஒன்றுதான்: கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, டீச்சர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்? என் கண்ணுக்குத் தெரியும் வழிகள் ஐந்து. மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி, செல்போன் வழிப் பாடம், மாதம் ஒருமுறை கூடிப் பேசும் கூட்டம், டிப்ளமோ படிக்க வைப்பது, ஒருவர் மையத்துக்கே வந்து கூட இருந்து வழிகாட்டுவது. எல்லாவற்றையும் ஒரே அளவில் எழுதப் போவதில்லை. கடைசியாகச் சொன்னதுதான் இங்கே அதிகம் தெரியாதது. அதனால் அதற்குத்தான் இடம் கூடுதல்.

முதலில், நேரம்

எந்த வழியானாலும், அதை எடுத்துக்கொள்ளப் போகும் பெண்ணின் ஒரு நாளைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். 1975 அக்டோபர் 2-இல் நாட்டில் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகளாக விரிந்திருக்கிறது. அங்கே ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் விவரம் ஏற்றுவது, கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவது, மதியச் சாப்பாடு, முட்டை, அதோடு வாக்காளர் பட்டியல் வேலை. இத்தனைக்கும் நடுவில்தான் முன்பருவக் கல்வி. ஆயாம்மா ஒரு நாள் வராவிட்டால் பாட்டும் கதையும் அடுப்படிக்குப் போய்விடும்.

இதற்கு ஆதாரம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதம் கழித்து, அந்த மையங்களில் தொடர்ந்து இருந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னால் நின்றார்கள். பழைய பணியாளருக்கும் உடல்நலம், ஊட்டச்சத்து வேலைக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது.

ஆகவே, ஒரே ஒரு டீச்சர் நாற்பது பிள்ளைகளோடு ஆயா இல்லாமல் திண்டாடும் மையம் உங்களுடையது என்றால், பயிற்சிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஊரிலேயே ஒரு பெண்ணை அரைநாள் வேலைக்குப் போடுங்கள். பயிற்சி அதற்குப் பிறகு. இதை நான் நிச்சயமாகவே சொல்கிறேன்.

மண்டபத்தில் மூன்று நாள்

தர்மபுரி டவுனிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு மண்டபம், முப்பது டீச்சர்கள், மதியம் சாப்பாடு, கடைசி நாள் சான்றிதழ். நிதி கொடுப்பவர்களுக்குப் பிடித்த முறை இது. தொடக்கமும் முடிவும் தெரியும், எண்ணிக்கை கிடைக்கும், படம் எடுக்கலாம். அரசும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷன் பீ, படாயீ பீ' (ஊட்டச்சத்தும், படிப்பும்) திட்டத்திலும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சிதான். லட்சக்கணக்கானவர்களை எட்ட வேண்டும் என்றால் வேறு வழி சுலபமில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த முறையை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது வேண்டும். முதலுதவி, எடையும் உயரமும் சரியாக அளப்பது, போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, பேச்சோ நடையோ தாமதமாகும் பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் அனுப்புவது, இவையெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிய வேண்டியவை. மண்டபத்தில் சொல்வதே நல்லது. சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் தனியாக வேலை பார்க்கும் பெண்கள் தங்களைப் போன்றவர்களோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசுவதே பெரிய பலம்.

ஆனால் கதை சொல்லும் விதம், கேள்வி கேட்கும் விதம், அழும் பிள்ளையை ஏந்தும் விதம், இவை மண்டபத்தில் கேட்டு வருபவை அல்ல. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள்: கோட்பாட்டைச் சொல்வது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, செய்ததைப் பற்றிப் பேசுவது, கடைசியாக அவரவர் வகுப்பறையில் கூட நின்று உதவுவது. நம் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவதுக்கு வந்தாலும், டீச்சர்களே பிள்ளைகளாக உட்கார்ந்து "டீச்சர், டீச்சர்" என்று கை தூக்குவார்கள். பெரியவர்கள் நடிக்கும் பிள்ளைகள் அடம் பிடிப்பதில்லை, மூக்கு ஒழுகுவதில்லை, பாதியில் எழுந்து கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை.

செல்போனும் டிப்ளமோவும்

செல்போன் வழி மலிவானது. வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினால் அன்றைக்கே பாடிவிடுவார்கள். பஸ் செலவு இல்லை, மையத்தைப் பூட்ட வேண்டியதில்லை. அஞ்செட்டிப் பக்கம் சிக்னல் கிடைக்காத ஊர்களில் வீடியோ இறங்காது. அங்கே இரண்டு நிமிடக் குரல் பதிவு வேலை செய்யும். ஆனால் போன் ஏற்கனவே அவர்களுக்கு ஒரு சுமை. பதிவேற்றம், போட்டோ, அறிக்கை எல்லாம் அதில்தான். இன்னொரு லிங்க் வந்தால், ஓட விட்டுவிட்டுச் சமையலைப் பார்ப்பார்கள். நினைவூட்டுவதற்கு, ஒரு சந்தேகம் கேட்பதற்கு, புதுப்பாட்டுக்கு, அந்த அளவுக்குப் போதும். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களைக் குழுவில் போட வேண்டாம் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவை எங்கே போய்ச் சேரும் என்று நம் கையில் இல்லை.

டிப்ளமோ வேறு வகை. அது டீச்சரின் சொந்த வாழ்க்கைக்கான முதலீடு. ஓசூர்ப் பக்கம் நர்சரிப் பள்ளிகளில் வேலை தேடும் பெண்கள் பெங்களூருக்குப் போய் மாண்டிசோரி படித்து வருகிறார்கள். அஞ்சல் வழியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) ஓராண்டு டிப்ளமோவும் உண்டு. முழுநேரமாகப் படிப்பதற்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் உள்ள இரண்டாண்டு முன்பள்ளி ஆசிரியர் டிப்ளமோ இருக்கிறது. பணம் கட்டும் முன் அங்கீகாரத்தை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நகையை அடகு வைத்து ஒரு நிறுவனத்தில் படித்து முடித்தாள். வேலைக்குப் போன இடத்தில் அந்தச் சான்றிதழை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இளம் வயது, பன்னிரண்டாவது முடித்தவர், இந்த வேலையிலேயே இருக்கப் போகிறவர் என்றால் டிப்ளமோவுக்குத் துணை நில்லுங்கள். ஐம்பது வயது டீச்சருக்கு அதைத் திணிக்காதீர்கள். அவர் கையில் ஏற்கனவே இருப்பதை எடுத்து வெளியே வைக்க வேறு வழி வேண்டும்.

கூடவே ஒரு ஆள்

இந்த வழிக்கு ஆங்கிலத்தில் கோச்சிங் என்று பேர். கோச்சிங் என்றால் நம் ஊரில் நீட் வகுப்புதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அனுபவமுள்ள ஒருவர், பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அதே மையத்துக்கு, அதே டீச்சரிடம் வருவார். அரைமணி, முக்கால் மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு இருவரும் பேசுவார்கள். அடுத்த முறைக்குள் ஒரே ஒரு விஷயத்தை முயல்வதாக முடிவு செய்வார்கள். அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டம் இந்த முறையை விரிவாகக் கையாள்கிறது. சேர்ந்து ஓர் இலக்கு வைப்பது, அந்த ஒன்றை மட்டும் கவனித்துப் பார்ப்பது, பார்த்ததை வைத்துப் பேசுவது என்று ஒரு சுழற்சியாக அதை வகுத்திருக்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு மதியத்தைச் சொல்கிறேன். காரிமங்கலம் பக்கம். காலையில் டீச்சர் புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் மாவட்டத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. "இது எத்தனை?" என்றார். "அஞ்சு!" என்று அறையே அதிர்ந்தது. அடுத்தது. "ஏழு!" மறுபடி அதிர்ந்தது. பார்த்தால் அருமையான வகுப்பு. வழிகாட்டியாகப் போயிருந்த அக்கா குறிப்பேதும் எழுதவில்லை.

மதியம் பிள்ளைகள் படுத்த பிறகு, அவர் கேட்டது இதுதான்: "டீச்சர், சன்னல் ஓரம் பச்சைச் சட்டை போட்ட பாப்பா இருக்குதே, அது இன்னைக்கு எத்தனை கொட்டையைத் தொட்டுச்சு?" டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தொடவே இல்லைக்கா. கொட்டையெல்லாம் என் கையிலதான் இருந்துச்சு." வழிகாட்டி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. டீச்சரே தொடர்ந்தார்: "நாலு நாலு பேரா உக்கார வெச்சு, ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சியில குடுத்தா?" அடுத்த பதினைந்து நாளுக்கு அதுதான் திட்டம். வாயில் போட்டுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டைக்குப் பதில் பெரிய சோளத்தட்டைத் துண்டு என்று ஆயாம்மா ஒரு யோசனை சேர்த்தார்.

பதினைந்து நாள் கழித்துப் போனபோது நான்கு கொட்டாங்குச்சிக் கூட்டங்கள் இருந்தன. ஒன்றில் சண்டை. இன்னொன்றில் அந்தப் பச்சைச் சட்டைப் பாப்பா கொட்டைகளை எண்ணாமல், கறுப்பை ஒரு பக்கமும் செம்பழுப்பை ஒரு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வகைப்படுத்தல் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. எந்தச் சான்றிதழிலும் அது வராது.

2018-இல் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் ஆகிய மூவர் 60 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. இப்படி வழிகாட்டல் பெற்ற ஆசிரியர்கள் கற்பிக்கும் விதம் 0.49 திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு) முன்னேறியது, மாணவர் கற்றல் 0.18. கல்வி ஆய்வுகளில் இது நல்ல அளவு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: திட்டம் பெரிதாகும்போது பலன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. நல்ல வழிகாட்டிகள் நிறையப் பேர் கிடைப்பதில்லை என்பதை நம் ஊரில் முயன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யார் அந்த ஆள்?

எல்லாம் இதில்தான் இருக்கிறது. அங்கன்வாடிகளில் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்களே, அவர்களே வழிகாட்டலாமே என்று கேட்பார்கள். ஒருவர் கையில் 20, 25 மையங்கள். பதிவேடு பார்க்க வேண்டும், இருப்பைச் சரிபார்க்க வேண்டும், குறை கண்டால் மேலே எழுத வேண்டும். நல்ல மனசுள்ள மேற்பார்வையாளர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் ஜீப்பில் வந்து இறங்கியதும் டீச்சரின் முதுகு விறைத்துவிடும். கவர் பிரிக்காத பொம்மை அந்த விறைப்பிலிருந்து வந்ததுதான். குறை எழுதும் கையும் கூடப் பிடித்து நடத்தும் கையும் ஒன்றாக இருப்பது மிகவும் கடினம். உங்கள் அமைப்பில் வேறு ஆள் போட முடியாது என்றால், நாட்களையாவது பிரித்து வையுங்கள். பதிவேடு பார்க்கும் நாளில் வகுப்பைப் பற்றிப் பேச வேண்டாம், வகுப்பு பார்க்கும் நாளில் பதிவேட்டைத் தொட வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது, பத்துப் பதினைந்து வருடம் பால்வாடியில் இருந்த ஒரு டீச்சர். பட்டம் இரண்டாம் பட்சம். பொறுமையாக ஓரிடத்தில் உட்காரத் தெரிய வேண்டும். பிள்ளையைப் பிடுங்கித் தானே சொல்லிக்கொடுக்கும் ஆசையை அடக்கத் தெரிய வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தால் நல்லது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கமானால் தெலுங்கோ கன்னடமோ தெரிந்திருப்பது அவசியம். அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி அதுதான். வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளையை 'மந்தம்' என்று எழுதி வைத்திருப்பார்கள். தெலுங்கு தெரிந்தவர் போய் "நீ பேரேமி?" என்று கேட்டதும் அது வரிசையாகத் தன் அண்ணன், ஆடு, நாய் பேர் வரை சொல்லும். இதைத் தமிழ் மட்டும் தெரிந்த வழிகாட்டி கண்டுபிடிக்கவே முடியாது, எத்தனை பயிற்சி எடுத்திருந்தாலும்.

காட்டோரப் பாதைகளில் அவரை நேரம் கடந்து அலைய விடாதீர்கள். அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. மூன்றரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதுங்கள்.

கணக்கு

ஒரு வழிகாட்டி வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு இரண்டு மையம் என்றால் வாரத்துக்கு எட்டு, இரண்டு வாரத்துக்கு பதினாறு. ஐந்தாவது நாள் அவருடைய குறிப்புகளுக்கும் படிப்புக்கும். சம்பளம் 20,000, பெட்ரோல் 3,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,76,000 ரூபாய். மையத்துக்கு 17,250. மூன்று நாள் பயிற்சிக்குத் தலைக்கு 3,000 என்று வைத்தால், பதினாறு பேருக்கு 48,000 ரூபாயில் முடிந்துவிடும். ஆக வழிகாட்டல் ஐந்தே முக்கால் மடங்கு செலவு. இதை மறைத்து யாரிடமும் நிதி கேட்காதீர்கள், பாதியில் நின்றுபோகும்.

ஆனால் அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். மண்டபத்தில் ஒரு டீச்சருக்கு நாளைக்கு ஆறு மணி வீதம் 18 மணி நேரம், அதுவும் முப்பது பேரில் ஒருவராக. வழிகாட்டலில் பத்து மாதத்தில் இருபது வருகை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்றால் 40 மணி நேரம், அவர் ஒருவருக்கென்றே. மையத்தை ஒரு நாளும் பூட்டவில்லை.

மாதக் கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அது தனியாக நிற்பதில்லை. மேற்பார்வையாளர் தன் மையங்களின் பணியாளர்களைக் கூட்டும் அரசின் செக்டர் கூட்டங்களிலேயே ஊட்டச்சத்துப் பற்றி 21 பாடங்களை மாதம் ஒன்றாக நடத்தும் ஏற்பாடு, போஷன் அபியான் என்ற ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்தில் இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் கூட்டம் அறிக்கை வாங்கும் இடமாகிவிட்டால் பாடம் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளப்படும். வழிகாட்டி இருந்தால் அந்தக் கூட்டமே வேறாகும். போன மாதம் ஒருவர் செய்த கொட்டாங்குச்சி ஏற்பாட்டை இன்னொருவர் கேட்டு, தன் ஊரில் மாங்கொட்டையில் செய்வார்.

எனவே, பதினாறு மையமும் ஒரு ஆண்டுக்குக் குறையாத பணமும் இருந்தால்: மே கடைசியில் இரண்டு நாள் மட்டும் மண்டபம், ஜூனிலிருந்து வழிகாட்டி, மாதம் அரை நாள் கூட்டம், நடுவில் குரல் பதிவுகள். பணம் பாதிதான் இருக்கிறது என்றால் எல்லா மையத்துக்கும் மெல்லிசாகப் பரப்ப வேண்டாம். எட்டு மையத்தை எடுத்து, ஒரு டீச்சரை அரை வேளைக்கு வழிகாட்டியாக்கி, அடுத்த ஆண்டு மீதி எட்டு. ஒரே தடவை செலவழிக்க ஐம்பதாயிரம்தான் இருக்கிறது, தொடர்ச்சிக்கு வழியே இல்லை என்றால் மண்டபம் போடுங்கள். அதில் முதலுதவியும் வளர்ச்சித் தாமதமும் பேசுங்கள். கற்பிக்கும் முறையை மூன்று நாளில் மாற்றிவிடலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரே வளாகத்தில் நான்கு டீச்சர் இருக்கும் நர்சரிப் பள்ளிக்கு வெளி ஆளே வேண்டாம். மூத்த டீச்சருக்கு வாரம் இரண்டு பீரியடு விடுவித்து, மற்ற வகுப்புகளில் போய் உட்கார வையுங்கள்.

வழிகாட்டி முதல் மாதம் நோட்டு கொண்டு போகக் கூடாது. எங்கள் அனுபவத்தில் இது சின்ன விஷயமில்லை. முதல் இரண்டு வருகையில் அழும் புதுப்பிள்ளைகளில் ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளட்டும், ஆயாம்மாவோடு தட்டு எடுத்து வைக்கட்டும். மூன்றாவது வருகையில் டீச்சரே, "அக்கா, இந்தப் பையன் என்ன பண்ணினாலும் உக்கார மாட்டேங்கறான், நீங்க கொஞ்சம் பாருங்க" என்பார். வேலை அங்கிருந்து தொடங்கும். நான்காவது வருகையிலும் அவர் கேட்கவில்லை என்றால் ஆளை மாற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியது வழிகாட்டியாகத்தான் இருக்கும்.